தவிட்டான் யார் பெற்ற பிள்ளை

1

இந்த ஜூலையோடு நான் ஜெர்மனிக்கு வந்து இருபது வருஷம். ஊல்ம் என்கிற ஊரில், ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில், ஊரார் ரத்தத்தையெல்லாம் கண்ணாடியில் வைத்துப் பார்த்தே அத்தனை வருஷமும் ஓடிவிட்டது. அதைக் கொண்டாடலாமே என்று கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது என் மகள் நிலாவின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வகுப்பு ஆசிரியை ஃப்ராவ் கெல்லர் பேசினார். "பயப்படும்படி ஒன்றுமில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு வர முடியுமா?" என்றார். பல் டாக்டரைப் பார்க்கவே இரண்டு மாதம் காத்திருக்க வைக்கும் ஊர் இது. இங்கே ஒருவர் நாளைக்கே வா என்றால் பயப்படும்படி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். ரவை கருகிவிட்டது.

மறுநாள் போனேன். அறையில் ஃப்ராவ் கெல்லருடன் பள்ளியின் ஆலோசகர் அம்மாளும் குறிப்பு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் நிலா வரைந்த குடும்ப மரம். வரலாற்றுப் பாடத்துக்காக எல்லாப் பிள்ளைகளும் ஐந்து தலைமுறைக்கு வரைந்துவர வேண்டுமாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆளின் பெயர், அவரைப் பெற்றவர்கள் பெயர். நிலா, நான், என் அப்பா நடராஜன், அவருடைய அப்பா, எல்லோரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். ஐந்தாவது கட்டத்தில், என் அப்பாவின் தாத்தாவுக்கு, நிலா இப்படி எழுதியிருந்தாள்: "தவிட்டான். பெற்றோர் தெரியாது. விலைக்கு வாங்கப்பட்டார். விலை, மூன்று மாடிப்படி தவிடு."

படி என்றால் அவளுக்கு ஏறி இறங்கும் படிதான் தெரியும். அளக்கிற படியை இந்த ஊரில் அவள் எங்கே பார்த்தாள். போதாததற்குப் பக்கத்தில் மூன்று படிக்கட்டும் அதன் உச்சியில் ஒரு குழந்தையும் வரைந்து வைத்திருந்தாள்.

"ஃப்ராவ் நடராஜன், உங்கள் குடும்பத்தில் குழந்தைகளை வாங்கும் வழக்கம் உண்டா?" என்று ஃப்ராவ் கெல்லர் மெல்லக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. ஆலோசகர் ஏதோ எழுதிக்கொண்டார். "அதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்திய கதை" என்றேன். "அதனால் பரவாயில்லை என்கிறீர்களா?" என்றார் அவர். முக்கால் மணி நேரம் விளக்கினேன். தவிடு என்ற சொல்லுக்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று, ஏனென்றால் இங்கே தவிடு மாட்டுக்கு இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் காலையில் தயிரில் கலந்து சாப்பிடுவது.

அந்த நடராஜன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வந்த புதிதில் குடும்பப் பெயர் இல்லாமல் விண்ணப்பம் வாங்க முடியாது என்றார்கள். அப்பா பெயரை எழுதிக் கொடுத்தேன். பிறகு தபால் பெட்டியிலும் அதுவே ஏறிவிட்டது. தபால்காரர் என் கணவரை ஹெர் நடராஜன் என்றுதான் கூப்பிடுகிறார். மாமனார் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கும் மருமகன் எங்கள் ஊர் ஆரணியில் ஒருவர்கூடக் கிடையாது. இவர் பழகிவிட்டார்.

2

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். மறுமுனையில் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. ஜெர்மனி வரிக்கும் போயிடுச்சா அந்தக் கதை" என்றார்.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்தது இது. வேலாயுதம், முனியம்மாள் என்று ஒரு தம்பதி. ஆரணியில் தறி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பிறந்து பிறந்து போயின. ஒரு பஞ்ச காலத்தில் போளூர்ப் பக்கமிருந்து வந்த யாரோ ஒருத்தியிடம் மூன்று படி தவிடு கொடுத்து ஓர் ஆண் குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். அதுதான் தவிட்டான். அவனை வாங்கிய நேரம், அடுத்து முனியம்மாளுக்கே ஒரு மகன் பிறந்து தங்கினான். அவன் சின்னசாமி. சின்னசாமியின் பேரன் ஏகாம்பரம், எனக்குப் பெரியப்பா முறை. தவிட்டானின் பேரன் என் அப்பா.

இரண்டு வீட்டுக்கும் குலதெய்வம் தேவிகாபுரத்துக்குப் பக்கத்தில் வயல்நடுவே இருக்கும் பச்சையம்மன். வருஷா வருஷம் பொங்கல் வைக்கும்போது திருநீற்றுத் தட்டு முதலில் சின்னசாமி வகையறாவுக்குப் போகும். எங்களுக்குக் கடைசியில் வரும். வரும்போது தட்டில் திருநீறு இருக்கும், பூ இருக்காது. யாரும் எங்களை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அது முறை, அவ்வளவுதான். "கடைசியில நின்னாதான் மரத்து நெழலு" என்று அப்பா கிண்டலாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் தட்டு பாதி வழி வரும்போதே அவர் கையை நீட்டிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொள்வதை நான் சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் கோயிலைப் புதுப்பித்து ஆவணியில் கும்பாபிஷேகம். வாசலில் ஒரு கருங்கல் பலகை நிறுத்தி வம்சத்தையே அதில் வெட்டப் போகிறார்கள். கமிட்டியில் மூத்தவர் ஏகாம்பரம் பெரியப்பாதான், வாசகம் அவர் பொறுப்பு. அவர் எழுதித் தந்த தாளில், "வேலாயுதம், முனியம்மாள். மகன் சின்னசாமி. வளர்ப்பு மகன் தவிட்டான்" என்று இருக்கிறதாம்.

"வருஷத்துல ஒரு நாளு கடைசியில நிக்கறேன், அது போவட்டும்" என்றார் அப்பா. "கல்லுல வெட்டிட்டா நான் செத்தப்புறமும் அங்கயே நின்னுகினு இருக்கணும். நீ இருக்கணும், அந்தக் கொழந்த இருக்கணும்."

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் வேறொன்று தோன்றியிருக்கும். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைப் புறக்கடை வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் அதை வாசல் வழியாகக் கொண்டுவந்து விற்பாள். பெற்றவளே தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். யாரோ பெற்ற, தவிட்டு விலைப் பிள்ளை என்று எமன் விட்டுவிடுவான் என்பது கணக்கு. குப்பன், பிச்சை, தவிட்டான் எல்லாம் அப்படி வைத்த பெயர்கள்தான். அப்பாவும் இதைத்தான் பெரியப்பாவிடம் வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

பெரியப்பா இல்லையென்று சொல்லவில்லை. "அப்டியும் செய்வாங்க, நடராசா. ஆனா நம்ம ஊட்ல நெசமாவே வாங்கினதுன்னுதான் எங்கப்பா சொல்லிகினு இருந்தாரு. எழுத்து எதுனா இருந்தா காட்டு, நானே மாத்தி எழுதறேன்" என்றிருக்கிறார்.

"நீதான் ரத்தமெல்லாம் பாக்கறியே, இதுக்கு ஒரு வழி இல்லியா?" என்று அப்பா என்னைக் கேட்டார். இருக்கிறது, இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எச்சில் கொடுத்தால் போதும் என்றேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். "கேட்டுட்டேம்மா. சாமி காரியத்துல எச்சில கொண்டாந்து கலக்காதன்னுட்டாரு."

எழுத்தைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. பள்ளி விடுமுறை ஆரம்பித்த மூன்றாம் நாள் நிலாவைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

3

நிலாவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊல்மில் சனிக்கிழமை தோறும் ஒரு தமிழ் வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் யாழ்ப்பாணத்து டீச்சர், ரொம்பக் கண்டிப்பு. அதனால் நிலா ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பாள். ஆரணிக்கு வந்து இறங்கியதும் அப்பா, "சாப்டறியாம்மா?" என்றார். "ஓம் தாத்தா." "குளிச்சிட்டியா?" "ஓம்." அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொழந்தைக்கு பக்தி ஜாஸ்தி போல கீதே" என்றார். மரியாதை விஷயத்தில்தான் கொஞ்சம் முன்பின்னாகும். தெரு நாயை "வாங்க, இங்க வாங்க" என்றவள், எண்பது வயசு ஏகாம்பரம் பெரியப்பாவைப் பார்த்து, "நீ எப்படி இருக்கே?" என்றாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரை அந்த வீட்டில் நீ என்று கூப்பிட ஆளில்லாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும்.

ஜெர்மனியில் இருபது வருஷம் இருந்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதற்கும் ஓர் அலுவலகம் இருக்கும், அங்கே ஒரு படிவம் இருக்கும் என்று நம்புகிறேன். மறுநாள் காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு பழைய பிறப்புப் பதிவு பார்க்கிற இடத்தை விசாரித்துப் போய் நின்றேன். மேஜைக்குப் பின்னால் ஒரு நடுவயசுக்காரர் இருந்தார்.

"பேரு சொல்லுங்க."

"தவிட்டான்."

எழுதப் போனவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பொறந்த வருஷம்?"

"தெரியாதுங்க."

"சரி, அப்பா பேரு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தாங்க வந்திருக்கேன்."

"அத எழுதிக் குடுத்தாத்தாங்க நான் தேடவே முடியும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்கு ஊல்மை விட்டே வராதது போல இருந்தது, அங்கே இதே மாதிரி எத்தனை மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். வீட்டு முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது, வங்கிக் கணக்கு இல்லாமல் வீடு கிடையாது என்று வந்த புதிதில் ஒரு மாசம் அலைந்தவள் நான்.

அவர் நல்ல மனுஷர். முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, "பேஜார் புடிச்ச வேலைங்க இது. அந்தக் காலத்துல கொழந்த பேர எழுத மாட்டாங்க. இன்னாருக்கு ஆண் கொழந்தைன்னு ஒரு வரி, அவ்ளோதான். ஜல்தியில ஆவாது. ஊட்ல பழைய பொட்டி எதுனா இருந்தா மொதல்ல அத தொறந்து பாருங்க" என்றார்.

பெட்டி இருந்தது. ஆனால் அது எங்கள் வீட்டில் இல்லை, இரண்டு தெரு தள்ளி ஏகாம்பரம் பெரியப்பா வீட்டில் இருந்தது.

4

அப்பா, நான், நிலா மூன்று பேரும் போனோம். பெரியப்பா மறுக்கவே இல்லை. காபி வந்தது, முறுக்கு வந்தது. பிறகு கை கால் கழுவிவிட்டு வந்து இரும்புப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய நீட்டு நோட்டு ஒன்றை எடுத்தார். வேலாயுதம் தன் கைப்பட எழுதியது. பழுத்துப் போன தாள், புள்ளி வைக்காத பழைய எழுத்து, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. பெரியப்பாவுக்கு அதைப் பார்த்துப் படிக்கத் தேவையில்லை. மனப்பாடம்.

"இதோ பாரும்மா. 'தவிட்டுக்கு வாங்கியது.' எங்க கொள்ளுத்தாத்தா எழுத்து. இதுக்கு மேல இன்னா எழுத்து வேணும்?" விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "இங்க பாரு, 'திரு சின்னசாமி'. தி அழிஞ்சி போச்சி, ரு மட்டும் நிக்குது. பெத்த புள்ளைக்கு திரு போட்டு எழுதியிருக்காரு. ஒங்க ஆளுக்குப் பேரே போடல."

இந்த வரியை அப்பாவுக்கு எத்தனை தடவை காட்டியிருப்பார்களோ. அவர் முறுக்கை எடுத்துப் பாதியாக உடைத்து அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா தாளைத் திருப்பினார். ஒரு ஜாதகக் கட்டம் வந்தது. "இது எங்க தாத்தா சின்னசாமி ஜாதகம். தலைப்புல ச போட்டிருக்கு பாரு. உள்ள வேற ஒரு பேரு கீது, அது அவுருக்கு ஜாதகப் பேரு."

நிலா இவ்வளவு நேரமும் என் தோள்மேல் சாய்ந்து, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அது ச இல்லை" என்றாள்.

"பேசாம இரு."

"இல்லை அம்மா. அது நாலு. டீச்சர் சொல்லித் தந்தவ. இது எல்லாம் நம்பர்."

அந்த டீச்சர் தமிழ் எண்களை மனப்பாடம் செய்யச் சொன்னபோது, கடைக்குப் போனால் இதைச் சொல்லியா தக்காளி வாங்கப் போகிறாள் என்று வீட்டில் முணுமுணுத்தவள் நான். இப்போது நிலா முதல் பக்கத்தைத் திருப்பி, பெரியப்பாவின் விரலைப் பிடித்து ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வைத்தாள். அங்கே நாங்கள் எல்லோரும் எழுத்து என்று நினைத்து ஒதுக்கியிருந்தவை இருந்தன. ககரம் மாதிரி இருந்தது ௧. பிள்ளையார் சுழி மாதிரி இருந்தது ௨. சகரம் மாதிரி இருந்தது ௪. தி அழிந்து ரு மட்டும் நிற்கிறது என்று மூன்று தலைமுறை பெருமைப்பட்டது ௫.

"பெரிய தாத்தா, நீ வாசி. நான் நம்பர் சொல்றேன்" என்றாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல்முறையாக மேலிருந்து படித்தார். அந்த ஒரு வரியைத் தவிர மற்ற வரிகளை யாரும் படித்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"௧. பெண். தங்கவில்லை."

"௨. ஆண். தங்கவில்லை."

"௩. ஆண். தங்கவில்லை."

"௪. தவிட்டுக்கு வாங்கியது."

"௫. சின்னசாமி."

"அப்போ உங்க ஆளு அஞ்சாவது" என்றேன் நான். குரலில் கொஞ்சம் கூடுதல் குஷி வந்துவிட்டது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பெரியப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "வாங்கின புள்ளையையும் சேத்து எண்ணியிருப்பாரும்மா. அதுக்காக பெத்ததுன்னு ஆயிடுமா?"

நியாயமான கேள்விதான். நிலாதான் தாளைத் திருப்பி ஜாதகத்தின் தலையில் விரல் வைத்தாள். "இதுவும் நாலு" என்றாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஒரே நம்பர் இரண்டு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியப்பா ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். வருஷம், மாசம், கிழமை, நட்சத்திரம். சூரிய உதயத்துக்குப் பிறகு இத்தனை நாழிகை. "வேலாயுதம் பாரியாள் முனியம்மாளுக்கு ஆண் குழந்தை ஜனனம்." கீழே ஒரு பெயர். அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, அந்த நாழிகைக்கே திரும்பப் போனார். நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் பொருத்தம் பார்த்துச் சொல்கிறவர் அவர்.

"போளூர்லர்ந்து எவளோ தூக்கினு வந்த கொழந்தைக்கு நாழிகை எப்டித் தெரியும்?" என்றார். எங்களைக் கேட்கவில்லை. "பொறந்தப்போ கூட இருந்தாத்தானே கட்டம் போட முடியும்." அப்புறம் என் அப்பாவைப் பார்த்தார். "நடராசா, இது ஒங்க தாத்தா ஜாதகம்டா. பெத்துகினு, அவங்களே வாங்கியிருக்காங்க."

அப்பா முறுக்கை வாயில் போட்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "காபி இன்னொரு வாய் கெடைக்குமாண்ணா?" என்றார்.

"காபி இன்னாடா காபி. எங்க தாத்தாவுக்கு மூத்தவரு ஒங்க தாத்தா. இனிமே தட்டு மொதல்ல ஒனக்கு."

"பூவோடவா?"

"பூவோடதான்டா."

இரண்டு கிழவர்களும் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்து பெரியம்மா கரண்டியோடு ஓடிவந்து என்னவென்று கேட்டார். தட்டு முழுக்க முறுக்கு திரும்ப வந்தது. நிலாவுக்குப் பெரியப்பா தன் கையாலேயே ஊட்டினார். அவள் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "நீ நல்ல ஆள்" என்றாள்.

5

அன்று மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது முனியம்மாளை நினைத்துக்கொண்டேன். அவளுக்குப் படமில்லை, சமாதியில்லை, நோட்டில் ஒரே ஒரு இடத்தில் பெயர் இருக்கிறது. மூன்று பிள்ளைகளை எமனுக்குத் தூக்கிக் கொடுத்தவள், நாலாவதைப் பெற்ற கையோடு புறக்கடையில் நீட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்குச் சுற்றி வருகிறவரை அடுப்படியில் தவிட்டோடு உட்கார்ந்திருப்பாள். குழந்தை அழும் சத்தம் தெருப்பக்கம் கேட்டிருக்கும், ஓடிப்போய் வாங்க முடியாது, அதிகம் ஆசை காட்டினால் வேஷம் கலைந்துவிடும். நிலா பிறந்தபோது நர்ஸ் குளிப்பாட்ட எடுத்துப்போன பத்து நிமிஷத்துக்கே நான் மணியை மூன்று தடவை அடித்தவள்.

அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு அவனை என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் தவிட்டுக்கு வாங்கினது என்றே சொல்லியிருப்பாள். பஞ்சமும் போளூர்க்காரியும் அவளே கட்டிச் சேர்த்ததாகக்கூட இருக்கும். எமனை ஏமாற்றப் போட்ட வேஷம் அது. எமனும் ஏமாந்தான், நூறு வருஷம் நாங்களும் ஏமாந்தோம். எனக்கு அழுகை வரவில்லை, அவள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. தவிட்டானுக்கு இது தெரியுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "தெரிஞ்சிருந்தா கடைசியில நின்னுருக்க மாட்டாரும்மா. யாரும் நிக்கச் சொல்லல, அவராத்தான் போயி நின்னாராம். எங்கப்பா சொல்வாரு" என்றார். முனியம்மாள் சீக்கிரம் போய்விட்டாளாம், சொல்ல நேரம் இருந்திருக்காது. அதற்கு நாங்கள் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

6

கும்பாபிஷேகத்துக்கு நாலு நாள் முன்னால் கல் வெட்டும் ஆள் வந்துவிட்டார். தேவிகாபுரம் பஸ்ஸில் போய் இறங்கி வரப்பு வழியாக நடந்தோம். கோயில் வாசலில் கருங்கல் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, அதன்மேல் பழைய தாளில் இருந்தபடியே காவியில் எழுதி முடித்து, உளி எடுக்கத் தயாராக இருந்தார். "வளர்ப்பு மகன் தவிட்டான்" என்று முத்து முத்தாக இருந்தது.

பெரியப்பா தோளில் கிடந்த துண்டைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து, குனிய முடியாமல் குனிந்து, தானே அந்த வரிகளைத் துடைத்தார். வெள்ளைத் துண்டு காவியாகிவிட்டது. "எழுதிக்கப்பா. வேலாயுதம், முனியம்மாள். மூத்த மகன், அதுக்குப் பக்கத்துல பேரு. அடுத்தது இளைய மகன் சின்னசாமி."

"மூத்தவரு பேரு அதே தவிட்டான்தாங்களா?" என்றார் அவர்.

பெரியப்பா அப்பாவைத் தனியே தள்ளிக்கொண்டு வந்தார். "நடராசா, தவுட்டான்னு கல்லுல இருந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்குப் பேரப் புள்ளைங்க படிக்கும். ஜாதகத்துல அவ்ளோ லட்சணமா ஒரு பேரு கீது. பெத்தவங்க ஆசையா வெச்ச பேரு. அதையே போட்டுடலாம்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நூறு வருஷக் கேலி அந்தப் பெயரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கல்லிலாவது கழுவிவிடலாமே. கல் வெட்டும் ஆள் காவித் தூரிகையோடு காத்திருந்தார். அப்பா அந்த ஈரக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காக வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர், உடனே தலையாட்டுவார் என்று நினைத்தேன்.

"வேணாண்ணா" என்றார். "மூணு புள்ளய குடுத்துட்டு, இந்த ஒண்ண அந்தம்மா ஒளிச்சி வெச்சிருக்காங்க. பேரக் கூட வெளிய வுடல. அத்தினி பாடுபட்டு மறைச்சத நாம கல்லுல வெட்டி காட்டிக்குடுக்கறதா? தவுட்டான்னே போடச் சொல்லுங்க."

"தாத்தா, அவர் செத்துத்தானே போயிட்டார். எமன் இப்ப வந்து என்ன செய்வார்?" என்று நிலா கேட்டாள்.

"அது அவன் பாடு. நம்ம வாயால சொல்ல வேணாம்" என்றார் அப்பா.

பெரியப்பா கல் வெட்டும் ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். காவியில் த விழுந்தது, வி விழுந்தது. அந்த இன்னொரு பெயர் தெரிந்தவர்கள் இப்போது நாங்கள் நாலு பேர். இவ்வளவு எழுதிவிட்டு அதை மட்டும் சொல்லாமல் விட்டாளே என்று நீங்கள் கோபித்துக்கொள்ளலாம். நான் முனியம்மாள் பக்கம்.